24 அடிக் கீல் படகு வாங்கலாமா? ஒன்ராறியோ ஏரியில் பாய் விரிக்கப் போகும் தம்பிக்கு

ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. 1970களில் செய்த, ஷார்க் என்ற ரகத்து 24 அடிப் பாய்மரப் படகு ஒன்று 3,500 டொலருக்கு விலைக்கு வந்திருக்கிறதாம். பழைய காரைவிட மலிவாக இருக்கிறதே, ஏதாவது பிழை இருக்குமா? வருடத்துக்கு என்ன செலவு வரும்? காற்றில் கவிழுமா? மனைவிக்கு நீந்தத் தெரியாது, அவரைக் கூட்டிக்கொண்டு போகலாமா? தனி ஆளாக ஓட்ட முடியுமா?

வாங்கலாம் தம்பி. ஆனால் காசைக் கையில் கொடுக்கும் முன் மேல்தளத்தையும், படகின் அடியில் இறங்கும் கீல் என்ற பாரத் தகடு பொருந்தும் இடத்தையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதோடு ஒரு கோடைகாலமாவது வேறொருவரின் படகில் கயிறு இழுத்திருக்க வேண்டும். இவை சரியென்றால் தயங்காதீர்கள். முதல் படகுக்கு 24 அடிக்கு மேல் போகவும் வேண்டாம். நான் பதினாறு வருடமாக இதே ஏரியில் இதே ஷார்க் படகைத்தான் வைத்திருக்கிறேன். நடுவில் ஒருமுறை 30 அடிப் படகு ஒன்றில் ஆசை வந்து, விலைகூடப் பேசி முடித்துவிட்டு, கடைசி நேரத்தில் வேண்டாம் என்று திரும்பி வந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஏன் இவ்வளவு மலிவு என்றால், கண்ணாடியிழைப் படகுக்குச் சாவு கிடையாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளினார்கள். மரம் என்றால் இத்தனை வருடத்தில் உளுத்துப் போயிருக்கும், இவை அப்படியே நிற்கின்றன. வாங்கியவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை. வருடாவருடம் கட்டிவைக்கும் இடத்துக்குக் காசு கட்டி அலுத்துப்போனவர் யாராவது எடுத்துக்கொண்டு போனால் போதும் என்ற நிலைக்கு வருவார். அதனால் விலை குறைவு என்பதே ஒரு குற்றம் இல்லை. 1,000 டொலருக்கு வந்து இருபது வருடம் ஓடிய படகையும் பார்த்திருக்கிறேன், 9,000 கொடுத்து வாங்கி இரண்டாம் வருடமே கைவிட்ட படகையும் பார்த்திருக்கிறேன்.

ஷார்க் இந்த ஏரிக்கென்றே பிறந்த படகு. ஜோர்ஜ் ஹின்டர்ஹோலர் என்ற ஆஸ்திரியப் படகுத் தச்சர் 1952இல் கனடாவுக்கு வந்தவர். ஏரியின் தென்கரை ஊரான நயாகரா-ஒன்-த-லேக்கில் இருந்துகொண்டு 1959இல் இதன் முதல் படகை மரத்தில் கட்டினார். அன்றைக்கு இங்கே ஓடிய படகுகள் பாரமானவை. இந்த ஏரியில் கோடை முழுக்க மெல்லிய காற்று, திடீரென்று ஒரு நாள் அடித்துப் புரட்டும் காற்று. இரண்டிலும் ஓடக்கூடிய, பாரம் குறைந்த படகு ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. அடுத்து கண்ணாடியிழையில் வார்க்கத் தொடங்கி, மொத்தம் 2,500 அளவில் கட்டப்பட்டன. முழுப் படகும் 2,200 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 1,000 கிலோ. அதில் கீல் மட்டும் 300 கிலோவுக்கு மேல். தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் மூன்று அடி. நான்கு பேர் படுக்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். இரண்டு பேர் படுத்தால் மரியாதையாகப் படுக்கலாம். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, அதை இப்போதே மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

கவிழுமா என்று கேட்டீர்களே, அதற்குக் கீல் என்ன செய்கிறது என்பது விளங்க வேண்டும். படகின் அடியில் சுறாவின் முதுகுத் துடுப்பைத் தலைகீழாகப் பொருத்தியதுபோல் இறங்கும் இரும்புத் தகடுதான் கீல். அதற்கு இரண்டு வேலை. ஒன்று பாரம். தலையாட்டி பொம்மையைச் சரித்தால் அடியில் இருக்கும் பாரம் நிமிர்த்துகிறதல்லவா, அதேதான். இன்னும் ஒரு நல்ல குணம், படகு சாயச் சாய கீலின் எதிர்ப்பு கூடும், பாயில் படும் காற்றோ குறையும். அதனால் ஓர் அளவுக்கு மேல் படகு தானாகவே சாய மறுக்கும். ஷார்க்கில் ஏறிய முதல் நாள், மெல்லிய காற்றிலேயே பத்துப் பதினைந்து பாகை சரசரவென்று சாயும். புதியவருக்கு நெஞ்சு அடைக்கும். அதற்குப் பிறகு சுவரில் சாய்ந்ததுபோல் இறுகி நிற்கும். அந்த இறுக்கத்தை ஒருமுறை உடம்பால் உணர்ந்துவிட்டால் பயம் பாதியாகிவிடும்.

கீலின் இரண்டாவது வேலை, படகு பக்கவாட்டில் வழுக்காமல் பிடிப்பது. காற்று பக்கத்திலிருந்து தள்ளும்போது கீல் தண்ணீரில் ஊன்றி நிற்பதால்தான் படகு முன்னால் போகிறது, காற்று வரும் திசைக்கு 45 பாகை வரை ஏறவும் முடிகிறது. பாய் விரித்த கட்டுமரத்தில் நம் ஆட்கள் ஒரு பலகையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடித்ததும் இதற்காகத்தான். என் அப்பாவின் ஊர் வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் விட்டார்கள். சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தானோ என்னவோ, ரொறன்ரோவில் முதல்முதல் ஒரு பாயைப் பார்த்தபோது எனக்கு அது வெள்ளைக்காரர் பொழுதுபோக்காகத் தெரியவில்லை.

சரி, கவிழும் கதையை முடிக்கிறேன். இந்த ஏரியில் சாதாரணக் காற்றுக்குக் கீல் படகு கவிழாது. ஆனால் கீல் படகு மூழ்கும். இந்த வித்தியாசம் முக்கியம். கீல் இல்லாத சின்னப் படகு கவிழ்ந்தாலும் மிதக்கும். கீல் படகுக்குள் தண்ணீர் நிறைந்தால் அந்த 300 கிலோ இரும்பு அதைக் கீழே கொண்டுபோய்விடும். ஆகவே காற்று பலத்த நாளில் உள்ளறைக்குப் போகும் வாசலில் பலகையைப் போட்டு மூடிவிட்டுத்தான் ஓட வேண்டும்.

இனி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை. முதலாவது மேல்தளம். அந்தக் காலப் படகுகள் பலவற்றில் மேல்தளம் ஒரே தகடு இல்லை. மேலே கண்ணாடியிழை, நடுவில் பால்சா மரம், கீழே மறுபடி கண்ணாடியிழை என்று மூன்றடுக்கு. திருகாணி இறங்கும் ஒவ்வோர் ஓட்டையும் தண்ணீருக்கு வாசல். உள்ளே போன தண்ணீர் கனடாக் குளிரில் உறைந்து விரிந்து, இளகி, மறுபடி உறைந்து, பத்து வருடத்தில் நடுவிலுள்ள மரத்தைக் கஞ்சியாக்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு திருகாணி முடுக்கியின் பிளாஸ்டிக் பிடியால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போங்கள். தேங்காய் பார்த்து வாங்கும் காதுதான் இதற்கும் வேண்டும். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஊறிய இடத்தில் 'பொத்' என்று சத்தம் செத்துப்போகும். பாய்மரத்தின் அடியையும், பக்கக் கம்பிகள் தளத்தோடு சேரும் இடங்களையும் இரண்டு மடங்கு கவனமாகத் தட்டுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தும் பாருங்கள், உள்ளங்கால் கண்டுபிடிக்கும். ஒரு கையகல இடம் செத்திருந்தால் திருத்தலாம். பாய்மரத்தின் அடி அமிழ்ந்திருந்தால் இலவசமாகத் தந்தாலும் வேண்டாம்.

இரண்டாவது, கீலும் உடம்பும் சேரும் கோடு. படகு தரையில் நிற்கும்போதே பார்த்துவிட வேண்டும், தண்ணீரில் இறங்கிவிட்டால் கண்ணுக்குப் படாது. மயிரளவு வெடிப்பு எல்லாப் படகிலும் இருக்கும். அதற்குப் பயப்படாதீர்கள். முன்பக்கம் வாய் திறந்ததுபோல் விரிந்து, அதிலிருந்து துரு ஒழுகிய தடம் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். எங்கேயோ பாறையில் மோதியிருக்கலாம், அல்லது கீலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். உள்ளே தரைப் பலகையைத் தூக்கி, டோர்ச் அடித்து, அந்த போல்ட் தலைகளைப் பாருங்கள். மேலே துரு படிந்திருப்பது பெரிதில்லை. சுரண்டினால் தகடு தகடாக உதிர்ந்து ஆணியே மெலிந்திருந்தால், கீலை இறக்கிப் புதுப்பிக்கிற வேலை, படகின் விலையைவிடக் கூடுதலாகும்.

மற்றவை கெதியாக. பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளில் டிஷூ ஒன்றைச் சுற்றி மேலும் கீழும் உருவுங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது, அந்தக் கம்பியை மாற்ற வேண்டும். சுக்கானைப் பிடித்து ஆட்டுங்கள், கடகட என்றால் ஊசிகள் தேய்ந்திருக்கின்றன, அது சின்ன வேலை. பாயைக் கையில் கசக்குங்கள். டாக்ரோன் என்ற செயற்கைத் துணியில் தைத்த நல்ல பாய் புதுக் காகிதம்போல் சரசரக்கும். பழைய வேட்டிபோல் துவண்டால் அது காற்றைப் பிடிக்காது, படகைச் சாய்க்க மட்டும் செய்யும். புதிதாகத் தைக்கக் கொடுத்தால் பெரிய பாய் ஒன்றுக்கே படகின் விலையில் பாதி போகலாம், அதையும் பேரத்தில் சொல்லுங்கள். மோட்டாரை அவர் முன்னிலையில் குளிரிலிருந்து இயக்கச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால், கையை வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நான்கு முதல் ஆறு குதிரைவலு போதும், நீளத்தண்டு மோட்டாராக இருக்க வேண்டும். குட்டைத்தண்டு மோட்டார் அலையில் காற்றில் எழும்பிச் சுற்றும்.

செலவைக் கேட்டீர்கள். என் கணக்குப் புத்தகத்தில் போன வருடம் எல்லாம் சேர்த்து 3,400 டொலர். அதில் பெரும்பகுதி படகுக் கழகக் கட்டணமும், கோடையில் கட்டும் இடமும், குளிர்காலத்தில் கரையில் நிற்கும் இடமும். காப்புறுதி, அடிப் பூச்சு, பெற்றோல், ஒன்றிரண்டு கயிறு மிச்சம். பெற்றோல் முழுக் கோடைக்கும் ஓர் இருபது லீற்றர்கூட ஆகவில்லை. தனியார் மரினா என்றால் கூட வரும். உறுப்பினர்களே வேலை செய்து நடத்தும் சின்னக் கழகம் என்றால் குறையும். ஆனால் அங்கே வருடத்தில் இத்தனை மணிநேரம் நீங்கள் வேலை செய்து கொடுக்க வேண்டும், புல் வெட்டுவது, துறைமேடை திருத்துவது, கிரேன் நாளில் கயிறு பிடிப்பது. அந்த மணிநேரங்களைச் சுமையாக நினைக்காதீர்கள். படகைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிப் பக்கத்தில் நின்று வேலை செய்த கிழவர்களிடம் கற்றதுதான்.

இங்கே படகோட்டம் வருடத்தில் ஐந்தரை மாதம். மே தொடக்கத்தில் கிரேன் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கும். ஒக்டோபர் நடுவில் அதே கிரேன் தூக்கிக் கரையில் வைக்கும். ஏரி நன்னீர் என்பது பெரிய வரம். சிப்பி ஒட்டிய கடல் படகைச் சுரண்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நன்னீர் கெட்டியாக உறையும். கடைசி நாளில் படகுக்குள் தண்ணீர் தேங்கும் இடம் ஒவ்வொன்றையும் துடைக்க வேண்டும், நங்கூரப் பெட்டி, கழிப்பறை, சமையல் தொட்டியின் குழாய், தரைப் பலகைக்குக் கீழே இருக்கும் பள்ளம். மோட்டாரையும் பாய்களையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். இதை ஒருமுறை நான் அரைகுறையாகச் செய்தேன். நங்கூரப் பெட்டியின் வடிகால் இலைகளால் அடைத்திருந்தது. மழைநீர் நிறைந்து உறைந்து, ஏப்ரலில் மூடியைத் திறந்தபோது பெட்டியின் ஓரம் ஒரு விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது. அந்த வெடிப்பின் வழியாக உள்ளே போன தண்ணீர் முன்பக்கப் படுக்கையை நனைத்து, மெத்தையில் பூஞ்சணம். திருத்த இரண்டு வாரம் போனது, நல்ல மே மாதத்தின் இரண்டு வாரம்.

இப்போது உங்கள் மனைவி. நீந்தத் தெரியாது என்பதைவிட நான் கவலைப்படுவது தண்ணீரின் குளிரைப் பற்றி. நல்ல நீச்சல்காரருக்கும் இந்த ஏரி மே மாதத்தில் ஒன்றுதான். வெளியே 20 பாகை வெயில் அடிக்கும், தண்ணீர் 5 பாகையில் இருக்கும். ஜூலையில்கூட நம்ப முடியாது. இரண்டு நாள் மேற்குக் காற்று பலமாக அடித்தால் வெதுவெதுப்பான மேல்நீர் தெற்கே தள்ளப்பட்டு, ரொறன்ரோக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்துவிடும். நேற்றுக் குளித்த இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. மனித்தோபாப் பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லிக் கொடுக்கும் கணக்கு 1-10-1. உறையும் அளவு குளிர்ந்த நீரில் விழுந்தால், முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அடுத்த 10 நிமிடம்தான் கைகால் உங்கள் சொல்லைக் கேட்கும். நினைவு தப்ப 1 மணிநேரம் ஆகலாம். இதில் பார்க்க வேண்டியது அந்த முதல் நிமிடம். வாயைத் திறந்து திணறும்போது தலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், அதற்கு உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும். இருக்கைக்குக் கீழே பெட்டியில் இருந்து பயனில்லை. என் படகில் துறைமேடையைவிட்டு இறங்கும் முன்பே எல்லோரும் போட்டுவிட வேண்டும், நான் முதலில் போடுவேன். இதில் யாருக்கும் விலக்குக் கிடையாது, என் மச்சான் கோபித்துக்கொண்டாலும் சரி.

அங்கி இருந்தால் நீந்தத் தெரியாதவரும் வரலாம். ஆனால் ஒருவர் விழுந்தால் மற்றவர் தனியாகப் படகைத் திருப்பி வந்து ஏற்ற வேண்டுமே, அதை நீங்கள் இருவருமே பழக வேண்டும். பின்பக்கத்தில் தண்ணீருக்குள் இரண்டு படியாவது இறங்கும் ஏணி, கைக்கெட்டும் இடத்தில் 15 மீற்றர் மிதக்கும் கயிறு, இரண்டும் முதல் நாளே இருக்க வேண்டும். ஓகஸ்ட்டில் காற்றில்லாத ஒரு மாலை, கரைக்குப் பக்கத்தில், நீங்களே அங்கியோடு இறங்கி அந்த ஏணியால் ஏறிப் பாருங்கள். நனைந்த உடம்பு எவ்வளவு பாரம் என்று அப்போதுதான் தெரியும்.

சாய்வுக்குப் பயப்படுபவரை முதல் நாளே முன்னால் உட்கார வைத்துக் கம்பியைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். சுக்கான் பிடியை அவர் கையில் கொடுங்கள். என் மனைவி முதல் வருடம் முழுக்க 'திரும்பிப் போவோம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் எனக்குக் கையில் கயிறு சிக்கி, 'இதை ஒருக்கால் பிடியுங்கோ' என்று சுக்கானைக் கொடுத்தேன். பிடியைத் தன் பக்கம் இழுத்தால் படகு மறுபக்கம் போகிறது, விட்டால் தானாகக் காற்றுக்கு முகம் திருப்பி நிமிர்கிறது என்பதைக் கண்டுகொண்டார். அன்றைக்கு அரைமணி நேரம் பிடியைத் திருப்பித் தரவில்லை. சாய்வு அவர் கையால் வருகிறது, அவர் கையால் போகிறது என்றானதும் பயம் போய்விட்டது.

தனி ஆளாக ஓட்டலாமா? ஷார்க்கை ஓட்டலாம், ஆனால் முதலில் இரண்டு வித்தைகள் கைக்கு வர வேண்டும். ஒன்று, பாயைச் சுருக்குவது. ரீஃப் எடுப்பது என்பார்கள். காற்று 15 நொட்டை, அதாவது மணிக்கு 15 கடல் மைலைத் தாண்டும்போது பெரிய பாயின் அடிப்பகுதியைக் கட்டிச் சிறிதாக்கிவிட வேண்டும். 'சுருக்கலாமா' என்று மனதில் தோன்றிய கணமே சுருக்குகிற கணம். பிறகு செய்யலாம் என்று விட்டால் அதைச் செய்யவே முடியாத காற்று வந்துவிடும். பாயைச் சுருக்கினால் வேகம் போய்விடும் என்று பயப்படாதீர்கள். இந்த நீளப் படகின் இயல்பான உச்ச வேகமே ஆறு நொட் அளவுதான், சுருக்கிய பாயோடும் அதைத் தொடும், சுக்கானோடு மல்லுக்கட்டாமல் தொடும்.

இரண்டாவது வித்தையைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். நடு ஏரியில் படகை நிறுத்தி வைப்பது. முன்பாயைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்காமல் அப்படியே படகைக் காற்றின் குறுக்காகத் திருப்புங்கள். பெரிய பாய் மறுபக்கம் போய்விடும், முன்பாய் மட்டும் பிழையான பக்கத்தில் மாட்டிக்கொண்டு பின்புறமாக வீங்கி நிற்கும். இப்போது சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கமாகத் தள்ளி, ஒரு ரப்பர் கயிற்றால் கட்டிவிடுங்கள். பெரிய பாயைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முன்பாய் படகின் மூக்கைக் காற்றைவிட்டு விலக்கப் பார்க்கும், சுக்கான் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கும். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி, படகு எந்தப் பக்கமும் போகாமல், மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தபடி அமைதியாகிவிடும். அந்த மாற்றத்தை நேரில் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் முன்புவரை பாய் படபடக்க, கயிறுகள் அடிக்க, அலை முகத்தில் தெறிக்க இருந்த அதே இடம், அதே காற்று, திடீரென்று சத்தம் அடங்கி, தேத்தண்ணீர்க் கோப்பையை இருக்கையில் வைத்தால் நிற்கும். பாயைச் சுருக்குவது, வரைபடம் பார்ப்பது, வாந்தி எடுப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது, எல்லாம் இந்த நிலையில் செய்யலாம். முதல் மாதத்திலேயே பத்துத் தடவை பழகுங்கள். இது கைக்கு வந்தவனுக்கு ஏரியில் அவசரம் என்று ஒன்று அநேகமாக வராது.

ஏரியின் குணத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோடையில் வழக்கமான காற்று தென்மேற்கு. நல்ல வெயில் நாளில் மத்தியானம் தரை சூடானதும் ஏரியிலிருந்து கரைக்கு ஒரு மெல்லிய காற்று எழும், மாலையில் அடங்கும். வேலை முடிந்து ஆறு மணிக்கு இறங்குபவருக்கு அந்தக் கடைசி இரண்டு மணிநேரம்தான் சொர்க்கம். கவனமாக இருக்க வேண்டியது கொண்டலுக்கு. ஏரியின் நீளம் 311 கிலோமீற்றர். கிழக்கிலிருந்து அடிக்கும் காற்று அதில் பெரும்பகுதித் தூரம் அலையை உருட்டிக்கொண்டு வந்து ரொறன்ரோக் கரையில் கொட்டும். இது கடலின் நீண்ட அலை இல்லை, குட்டையான, செங்குத்தான, அடுத்தடுத்து முட்டும் அலை. அதோடு ஜூலை, ஓகஸ்ட் பின்னேரங்களில் மேற்கே கருத்து வரும் இடிமழையைக் கண்டால் பாயை இறக்கிவிடுங்கள், 'நமக்கு முன்னால் போய்விடும்' என்று கணக்குப் போட வேண்டாம். கனடாச் சுற்றுச்சூழல் துறை ஏரிக்கென்று தனியாக வானிலை அறிக்கை தருகிறது. 20 நொட்டுக்கு மேல் பலத்த காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் முதல் இரண்டு வருடம் கட்டை அவிழ்க்கவே வேண்டாம்.

ஸ்காபரோவில் இருப்பதால் நீங்கள் ஸ்காபரோக் குன்றுகளின் அடியில் இருக்கும் பிளஃபர்ஸ் பார்க் படகுத்துறைப் பக்கம்தான் இடம் பார்ப்பீர்கள். அருமையான இடம். 90 மீற்றர் உயரத்துக்கு எழும் அந்த மண் குன்றுகளைத் தரையிலிருந்து பார்ப்பது வேறு, மாலை வெயில் முகத்தில் அடிக்கத் தண்ணீரிலிருந்து பார்ப்பது வேறு. ஆனால் அந்தக் குன்றுகளின் மண்தான் கரைந்து வந்து துறையின் வாயில் மணல் திட்டாகச் சேர்கிறது, அவ்வப்போது தோண்டி அகற்றுகிறார்கள். ஏரியின் மட்டமும் ஜூனில் உயர்ந்து இலையுதிர் காலத்தில் இறங்கும். 2017இலும் 2019இலும் ரொறன்ரோத் தீவுகளில் வெள்ளம் ஏற்றிய அதே ஏரி, வேறு வருடங்களில் செப்டெம்பரில் வாயிலையே தூர்த்துவிடும். நான் ஒருமுறை ஜூலையில் போன அதே பாதையில் செப்டெம்பர் கடைசியில் வந்தேன். 'தப்' என்று ஒரு மெல்லிய இடி, படகு நின்றுவிட்டது. மணல் என்பதால் சேதம் இல்லை. கீல் படகு தரைதட்டினால் செய்ய வேண்டியது, மோட்டாரை முறுக்குவது இல்லை, படகைச் சாய்ப்பது. சாய்ந்தால் கீலின் நுனி மேலே எழும். நானும் நண்பரும் ஒரே பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்து வெளியே தொங்கினோம், பாயையும் அந்தப் பக்கம் தள்ளிப் பிடித்தோம், பின்னோக்கி மெல்ல இழுத்ததும் வழுக்கி வந்துவிட்டது. 24 அடிப் படகில்தான் இரண்டு மனித உடம்பு இந்த வேலையைச் செய்யும்.

அந்த 30 அடிப் படகை விட்டதும் இதனால்தான். அழகான படகு, உள்ளே நிமிர்ந்து நிற்கலாம், டீசல் இயந்திரம், சுடுநீர். ஆனால் அதைக் கட்டவிழ்க்க இரண்டு பேர் வேண்டும், அரைமணி ஆயத்தம் வேண்டும். எனக்கு ஆறு மணிக்கு வேலை முடிந்து ஏழு மணிக்குப் பாய் விரிய வேண்டும். என் புத்தகத்தைப் புரட்டினேன், அந்தக் கோடையில் 43 தடவை வெளியே போயிருந்தேன், அதில் முப்பதுக்கு மேல் வேலைநாள் மாலைகள், பாதி தனியாக. பக்கத்துத் துறையில் 34 அடி வைத்திருந்தவரிடம் கேட்டேன், ஒன்பது தடவை என்றார். படகு பெரிதாகப் பெரிதாக ஆள் தேட வேண்டும், நாள் குறிக்க வேண்டும், நல்ல காற்றுள்ள செவ்வாய்க்கிழமை சும்மா போய்விடும்.

உரிமங்கள் பற்றி: மோட்டார் பூட்டிய படகை ஓட்ட உங்களிடம் பொழுதுபோக்குப் படகு ஓட்டுநர் அட்டை இருக்க வேண்டும், இணையத்தில் படித்துத் தேர்வு எழுதலாம். வானொலித் தொலைபேசிக்குத் தனி அட்டை. அதையும் எடுத்துவிடுங்கள், நடு ஏரியில் கைப்பேசி சில வேளை கை விரித்துவிடும், அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையை எப்போதும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

முதல் வருடம் கரையைப் பார்த்தபடியே ஓடுங்கள். இரண்டாம் வருடம் ரொறன்ரோத் தீவு, ஓர் இரவு படகிலேயே தூங்குங்கள். துறைமுக வாசலில் தீவுப் படகுச் சேவைக்கு வழி விடுங்கள். மூன்றாம் வருடம், தென்மேற்குக் காற்று நிதானமாக இருக்கும் ஒரு சனிக்கிழமை விடியலில், நயாகராவுக்குக் குறுக்கே போங்கள். 27 கடல் மைல் அளவு, ஐந்து ஆறு மணிநேரம். நடுவில் ஒரு கட்டம் வரும், பின்னால் சிஎன் கோபுரம் குச்சிபோல் நிற்கும், முன்னால் கரை இன்னும் எழும்பியிருக்காது, சுற்றிலும் தண்ணீர். பிறகு நயாகரா ஆற்றின் வாய், இடது பக்கம் அமெரிக்கக் கோட்டை, வலது பக்கம் கனடாவின் நயாகரா-ஒன்-த-லேக், ஆற்றின் நீரோட்டம் எதிரே தள்ளும், மோட்டாரை இயக்கிக்கொண்டு ஏறுங்கள். உங்கள் படகின் குடும்பம் பிறந்த ஊர் அதுதான்.

இந்தச் சனிக்கிழமை பார்க்கப் போவதாகச் சொன்னீர்கள். டோர்ச், பிளாஸ்டிக் பிடி போட்ட திருகாணி முடுக்கி, டிஷூப் பெட்டி, முழங்கால் ஊன்றப் பழைய துணி, இவற்றைக் கொண்டுபோங்கள். மேல்தளத்தைத் தட்டி முடிக்கும்வரை விலையைப் பற்றிக் கதைக்காதீர்கள். அப்புறம் ஒன்று, பலர் மறந்துவிடுவது. குளிர்காலத்தில் படகு நிற்கிற இரும்புத் தாங்கி, கிரேடில் என்பார்கள், அது விலைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். மூன்றடிக் கீலோடு இந்தப் படகு தரையில் தானாக நிற்காது, அந்தத் தாங்கியைத் தனியாகச் செய்விக்கப் போனால் 1,500 டொலருக்குக் குறையாது. படகின் எண்ணும் தாங்கியில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றா என்றும் பார்த்துவிடுங்கள், ஒரே முற்றத்தில் ஐம்பது தாங்கிகள் கிடக்கும், அடுத்தவருடையதைக் காட்டி விற்றுவிடுவார்கள்.